கூலியில் மிச்சம் பிடிக்கலாம், உயிரில் பிடிக்கலாமா?



பெரிய தேராக இருந்தாலும் அது ஓடுவது சின்ன அச்சாணியை நம்பித்தான் என்று வள்ளுவர் நமக்குச் சொல்லிப் போயிருக்கிறார். தேர் போய் லோரி வந்தது, லோரிக்குப் பிறகு நான்கு சக்கரமும் இழுக்கிற பிக்கப் வண்டி வந்தது. ஆனால் அந்த வார்த்தை மட்டும் மாறவில்லை. இன்றைக்கு நம் வீட்டு வாசலில் நிற்கிற வண்டிக்கு அச்சாணியாக இருப்பது ஒரு சின்ன இரும்பு உருண்டை. அதைத்தான் பட்டறைக்காரர்கள் 'பால் ஜாயிண்ட்' என்கிறார்கள். பால் என்றதும் பால்மரத்துப் பாலை நினைத்துவிடாதீர்கள். இது உருண்டை மூட்டு.

செபராங் பிறைப் பக்கம் நிபோங் திபால், சுங்கை பாக்காப், புக்கிட் மெர்தாஜம் எங்கே போனாலும் தோட்டத்துப் பையன்களில் பலர் ஒரு செகண்ட்ஹேண்ட் பிக்கப் வாங்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். செம்பனைக் குலை ஏற்றுகிறார்கள், உர மூட்டை ஏற்றுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டி ஜார்ஜ் டவுனுக்குக் கோயிலுக்கும் போகிறார்கள். வண்டி பழுதானால் அதே பையன்கள் வாசலிலேயே படுத்து ரிப்பேர் பார்க்கிறார்கள்.

"இதெல்லாம் வீட்டில் செய்யலாமா? பட்டறையில் அல்லவா விட வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். "பட்டறைக்காரன் கேட்கிற காசுக்கு நாங்கள் எங்கே போவோம்?" என்று பையன்கள் திருப்பிக் கேட்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நம் கருத்து இதுதான். முன் சக்கரப் பால் ஜாயிண்டை வீட்டிலேயே மாற்றலாம், தப்பே இல்லை. ஆனால் மிச்சம் பிடிப்பது கூலியில் மட்டும்தான் இருக்க வேண்டும். சாமானிலோ, வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டிலோ, வேலை முடிந்து பார்க்கிற அலைன்மெண்ட்டிலோ ஒரு காசு கூட மிச்சம் பிடிக்கக் கூடாது. கூலியில் மிச்சம் பிடிப்பவன் சிக்கனக்காரன். மற்றவற்றில் பிடிப்பவன் தன் பிள்ளைகளின் உயிரை அடகு வைக்கிறவன்!

தொடை எலும்பு மாதிரி ஒரு மூட்டு

விஷயம் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறோம். நம் இடுப்பில் தொடை எலும்பின் தலை உருண்டையாக இருக்கிறது. அது ஒரு குழிக்குள் உட்கார்ந்து எல்லாப் பக்கமும் திரும்புகிறது. பால் ஜாயிண்டும் அப்படித்தான். இரும்பு உருண்டை ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும், உள்ளே கிரீஸ் இருக்கும், வெளியே ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும். சக்கரத்தைத் தாங்குகிற நக்கிள் என்ற இரும்பை மேல் கை, கீழ்க் கை என்ற இரண்டு ஆர்ம்களோடு இணைப்பது இந்த மூட்டுதான். சக்கரம் குழியில் இறங்கி ஏறவும் வேண்டும், இடம் வலம் திரும்பவும் வேண்டும். இரண்டுக்கும் வழி விடுவது இந்த உருண்டை.

பழைய காலத்தில் துரைமார் ஓட்டிய லேண்ட் ரோவரைப் பார்த்த பெரியவர்கள் இருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரே முழு அச்சு, பட்டை ஸ்பிரிங். கல் மாதிரி குதிக்கும், ஆனால் அதில் இந்த மாதிரி ஆர்ம்களும் உருண்டை மூட்டும் கிடையாது. இன்றைய பிக்கப் வண்டிகளில் முன் சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்குகின்றன. அதனால் உட்கார சுகம், ஓட்டவும் சுகம். அந்தச் சுகத்துக்குக் கொடுக்கிற விலைதான் இந்தத் தேய்மானம்.

பெரும்பாலான பிக்கப்களில் ஸ்பிரிங்கோ டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பியோ கீழ்க் கையில்தான் பிடித்திருக்கும். எனவே வண்டியின் முன் பாரம் கீழ் மூட்டில் விழுகிறது. மேல் மூட்டுக்குப் பாரம் குறைவு. அதனால்தான் கீழ் மூட்டு போய்விட்டால் ஆபத்து அதிகம். உருண்டை கிண்ணத்தை விட்டுக் கழன்றால் சக்கரம் மடங்கிக் கொள்ளும், முன் பக்கம் தரையில் விழும், ஸ்டேரிங் கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. மட்டக்குழியில் மெதுவாகப் போகும்போது நடந்தால் முதுகு வலியோடு தப்பலாம். பினாங்குப் பாலத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நடந்தால்? சிந்தித்துப் பாருங்கள்!

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. பெரிய கம்பெனிகளே இதைக் கண்டு பயந்திருக்கின்றன. 2005-ஆம் ஆண்டு டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் தன்னுடைய பிக்கப், ஜீப் ரக வண்டிகளில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. காரணம், முன் சக்கரத்தின் கீழ்ப் பால் ஜாயிண்ட் சீக்கிரம் தேய்ந்து போகக்கூடும் என்பதுதான். தார் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கே அந்தக் கவலை என்றால், செம்மண் ரோட்டில் குலை ஏற்றி ஓடுகிற நம் வண்டிக்கு எவ்வளவு கவலை வேண்டும்?

எதனால் தேய்கிறது?

முதல் எதிரி கிழிந்த ரப்பர் உறை. கல் பட்டோ, வயசாகியோ அந்த உறை ஓரிடத்தில் வெடித்தால் போதும். உள்ளே இருக்கிற கிரீஸ் வெளியே வழியும், வெளியே இருக்கிற சேறும் தண்ணீரும் உள்ளே போகும். சேறும் மணலும் கலந்த கிரீஸ் அரைக்கிற மாவு மாதிரி. உருண்டையையும் கிண்ணத்தையும் சேர்த்து அரைத்துவிடும். 2017 நவம்பரில் பினாங்கில் பெரிய வெள்ளம் வந்ததே, நினைவிருக்கிறதா? அப்படி முழங்கால் அளவுத் தண்ணீரில் ஓட்டிய வண்டியை மறுநாளே குனிந்து பார்க்க வேண்டும். உறை முழுசாக இருந்தால் பயமில்லை. கிழிந்திருந்தால் அந்த மூட்டுக்கு நாள் எண்ண ஆரம்பித்துவிடலாம்.

இரண்டாவது எதிரி அளவுக்கு மீறிய பாரம். மூன்றாவது, அழகுக்காக வண்டியைத் தூக்கி வைத்துப் பெரிய டயர் போடுவது. தூக்கிய வண்டியில் மூட்டு எப்போதும் கோணலாகவே நின்று வேலை செய்கிறது. தம்பிமார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உள்ளதைத்தான் சொல்கிறோம்.

தெரிந்துகொள்வது எப்படி?

வண்டியே சொல்லும். குழியில் இறங்கும்போது முன் பக்கம் 'கடக் கடக்' என்று அடிக்கும். நேர் ரோட்டில் ஸ்டேரிங் ஒரு பக்கமாக அலையும். டயர் ஒரு ஓரம் மட்டும் வழுக்கையாகத் தேயும். இப்படி எதையாவது கண்டால் ஜாக்கி எடுத்துச் சோதிக்க வேண்டும்.

ஜாக்கியைக் கீழ்க் கைக்கு அடியில் கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்குங்கள். அப்போதுதான் கீழ் மூட்டின் மேலிருக்கும் பாரம் இறங்கும். டயருக்கு அடியில் ஒரு கடப்பாறையைக் கொடுத்து மேலே நெம்புங்கள். மூட்டில் ஆட்டம் கண்ணுக்குத் தெரியும். பிறகு டயரை உச்சியிலும் அடியிலும் பிடித்து உள்ளேயும் வெளியேயும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் உடனே பால் ஜாயிண்ட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வீல் பேரிங் தளர்ந்திருந்தாலும் இப்படித்தான் ஆடும். வீட்டில் ஒருவரை உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் மூட்டு. டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது லூசாக இருந்தால் டை ராட் முனையைப் பாருங்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு காசு செலவில்லை. அரை மணி நேரம் போதும். சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்த வண்டியை, வாணிக லோரி மாதிரி ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குக் கொண்டு போகிற வழக்கம் இல்லை. அப்படியானால் யார் பார்ப்பது? நாம்தான் பார்க்க வேண்டும்.

வேலையில் இறங்கும் முன்

இப்போது காசுக் கணக்கைப் பேசுவோம். 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளத்தில் வீட்டு வாடகை, பள்ளிச் செலவு, வண்டித் தவணை எல்லாம் போக என்ன மிஞ்சும் என்பது நமக்குத் தெரியும். பட்டறையில் நான்கு மூட்டையும் மாற்றச் சொன்னால் சாமான் விலையோடு கூலியும் சேர்ந்து முழிக்க வைக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்ற கதைதான். எனவே அந்தக் கூலியை நம் கையால் மிச்சம் பிடிப்பது நியாயம். போமனைக் குறை சொல்லவும் இல்லை. அவரும் கடை வாடகை கட்ட வேண்டும், ஆள் வைத்திருக்கிறார். நாம் உழைத்தால் நமக்கு மிச்சம், அவ்வளவுதான்.

ஆனால் மிச்சமான அந்தக் கூலியில் ஒரு பங்கை எடுத்து முதலில் இரண்டு நல்ல ஜாக்கி ஸ்டாண்டு வாங்குங்கள். இதுதான் முதல் கண்டிஷன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. எண்ணெய் ஜாக்கியின் உள்ளே ஒரு வாஷர் கிழிந்தால் வண்டி மெல்ல இறங்காது, மொத்தமாக இறங்கும். சிலர் சிமெண்டுக் கல்லை அடுக்கி மேலே வண்டியை வைக்கிறார்கள். உள்ளே ஓட்டையான அந்தக் கல் சொல்லாமல் கொள்ளாமல் பிளந்துவிடும். அதன் அடியில் தலையைக் கொடுப்பது முதலை வாயில் கையைக் கொடுப்பது மாதிரி. ஸ்டாண்டு இல்லையா? வேலையும் இல்லை! நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொண்டால் ஆளுக்கு எவ்வளவு வந்துவிடப் போகிறது? கூட்டுறவு என்று மேடையில் பேசுகிறோமே, அதை வாசலில் செய்து காட்டலாமே.

மண் தரையிலும் வேலை செய்யாதீர்கள். மழை ஈரத்தில் ஸ்டாண்டின் கால் புதைந்து சாயும். சமமான சிமெண்டுத் தரை வேண்டும். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை அடை கொடுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் வர விடாதீர்கள். தனி ஆளாகவும் வேலை செய்யாதீர்கள். கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்கட்டும்.

இரண்டாவது கண்டிஷன் சாமான். பேர் போன ஜப்பான் மார்க்குகளின் பெட்டியை அப்படியே காப்பியடித்து உள்ளே மட்டமான இரும்பை வைத்து விற்கிற போலிச் சரக்கு கடைகளில் புழங்குகிறது. பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். தெரிந்த கடையில் ரசீதோடு வாங்குங்கள். வண்டியின் சேஸ் நம்பரைச் சொல்லி வாங்கினால் சாமான் மாறாது. பழைய சாமான் கடையில் கழற்றிப் போட்ட மூட்டை மட்டும் வாங்கவே வேண்டாம். எஞ்சினைச் செகண்ட்ஹேண்ட் வாங்கலாம், கதவை வாங்கலாம். தேய்வதற்கென்றே இருக்கிற சாமானைத் தேய்ந்த பிறகு வாங்குவது எந்த ஊர்ப் புத்தி?

கழற்றுவதும் மாட்டுவதும்

வண்டிக்கு வண்டி விவரம் மாறும். சில வண்டிகளில் மூட்டு போல்ட்டில் மாட்டியிருக்கும். சிலவற்றில் ஆர்முக்குள் அழுத்தி ஏற்றியிருக்கும். இன்னும் சிலவற்றில் மேல் மூட்டு மேல் கையோடு சேர்ந்தே வரும். உங்கள் வண்டியின் மேனுவலைப் பார்க்காமல் ஸ்பானரைத் தொடாதீர்கள். எல்லா வண்டிக்கும் பொதுவான சில விஷயங்களை மட்டும் இங்கே சொல்கிறோம்.

முதல் நாளே நட்டுகளுக்குத் துரு எண்ணெய் அடித்து வையுங்கள். வண்டி தரையில் நிற்கும்போதே சக்கர நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். நான்கு சக்கர இழுவை வண்டி என்பதால் முன் சக்கரத்துக்குள் டிரைவ் ஷாஃப்ட் ஓடுகிறது. அதன் நடு நட்டு கெட்டியாக இருக்கும், அதையும் தரையில் இருக்கும்போதே அசைத்து வைப்பது நல்லது. பிறகு தூக்கி, சேஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். பிரேக் கேலிப்பரைக் கழற்றினால் கம்பி போட்டு மேலே கட்டுங்கள். பிரேக் ஹோஸில் தொங்க விட்டால் ஹோஸ் உள்ளுக்குள் பிய்ந்துவிடும், அது பிறகு ஒரு நாள் காட்டிக் கொடுக்கும். ஏபிஎஸ் வயர் இருந்தால் அதையும் கழற்றி ஒதுக்குங்கள்.

இப்போது ரொம்ப முக்கியமான இடம். ஸ்பிரிங் அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறது. மூட்டு ஒன்றுதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கீழ்க் கைக்கு ஜாக்கி கொடுத்துத் தாங்காமல் மூட்டைப் பிரித்தால் கை வெடித்த மாதிரி கீழே அடிக்கும். முறுக்குக் கம்பி உள்ள வண்டியில், முதலில் அதன் அட்ஜஸ்ட் போல்ட் எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைத்துக்கொண்டு முறுக்கை இறக்குங்கள். இல்லையென்றால் திரும்ப மாட்டும்போது வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

கிரீடம் மாதிரி பல் வெட்டிய நட்டில் ஒரு பிளவு பின் இருக்கும். பின்னை எடுத்து நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுசாகக் கழற்றாதீர்கள். நாலு மரையில் நிற்கட்டும். மூட்டு சட்டென்று விடுபடும்போது அந்த நட்டுதான் உங்கள் கையைக் காப்பாற்றும். புல்லர் போட்டுப் பிரிப்பது உத்தமம். புல்லர் இல்லையென்றால், தண்டு உட்கார்ந்திருக்கும் நக்கிளின் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டினால் விடுபடும். தண்டின் மரையில் அடிக்கவே கூடாது. நக்கிளை வெளியே சாய்க்கும்போது டிரைவ் ஷாஃப்ட்டை இழுத்துவிடாதீர்கள், உள் மூட்டு கழன்றால் வேலை இரண்டு நாளாகிவிடும்.

அழுத்தி ஏற்றிய மூட்டாக இருந்தால் சம்மட்டியால் அடித்து ஏற்றுவதை விட்டுவிடுங்கள். ஆர்மை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு பிரஸ் இருக்கிற பட்டறைக்குப் போங்கள். அவர்கள் அழுத்தித் தருவதற்குக் கொஞ்சம் காசுதான் வாங்குவார்கள். எல்லாவற்றையும் நாமே செய்தால்தான் வீரம் என்பது கிடையாது. தன் எல்லை தெரிந்தவனே கெட்டிக்காரன்.

மாட்டும்போது தண்டு உட்காரும் குழியைத் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். அங்கே கிரீஸ் தடவக் கூடாது, காய்ந்த இரும்போடு இரும்பு பிடிக்க வேண்டும். மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். பின் துளை சரியாக வரவில்லையென்றால் நட்டை இன்னும் கொஞ்சம் முன்னுக்குத்தான் முறுக்க வேண்டும். துளைக்காகப் பின்னுக்குத் தளர்த்தவே கூடாது. பழைய பிளவு பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். புதுசு சில காசுதான்! கிரீஸ் நிப்பிள் இருந்தால் உறை லேசாக உப்புகிற வரைக்கும் கிரீஸ் கொடுங்கள், வெடிக்கிற வரைக்கும் அல்ல. வண்டியை எடுக்கும் முன் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துக் கெட்டியாகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது கண்டிஷன் அலைன்மெண்ட். "நேராகத்தானே ஓடுகிறது, எதுக்கு அண்ணே அலைன்மெண்ட்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மூட்டு மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறும். கண்ணுக்குத் தெரியாது, டயருக்குத் தெரியும். அலைன்மெண்ட் காசை மிச்சம் பிடித்தவன் சில மாதத்தில் இரண்டு டயருக்குக் காசு கொடுப்பான். வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு நேராக அலைன்மெண்ட் கடைக்குப் போங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளை இன்னொரு தரம் முறுக்கிப் பாருங்கள்.

தோட்டத்து வண்டி யார் பொறுப்பு?

இதுவரை பேசியது சொந்த வண்டியைப் பற்றி. ஆனால் தோட்டத்து வண்டி என்று ஒன்று இருக்கிறதே! பெரட்டு முடிந்து ஆட்களை ஏற்றிப் போகிற வண்டி, தூரத்து நிரைக்குப் பெண்களைக் கொண்டு போய் விடுகிற வண்டி. அதன் முன் சக்கரம் ஆடினால்?

சில இடங்களில் என்ன நடக்கிறது தெரியுமா? கம்பெனி வண்டி, கான்டிராக்டர் வண்டி ஆடுகிறது என்று டிரைவர் சொல்கிறார். "நீதான் கை வேலை தெரிந்தவனாச்சே, வீட்டுக்குக் கொண்டு போய்ப் பார்த்துவிடேன்" என்கிறார்கள். அந்த அப்பாவி தன் ஞாயிற்றுக்கிழமையையும், சமயத்தில் தன் கைக்காசையும் போட்டு வாசலில் படுத்து வேலை பார்க்கிறார். இதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. கைத்திறன் இருப்பது குற்றமா? திறமைக்குக் கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதற்கு அது சாக்கா?

1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியின் பொறுப்பைத் தெளிவாகச் சொல்கிறது. தொழிலாளி உபயோகிக்கிற இயந்திரமும் வேலை முறையும் பாதுகாப்பாக இருக்கும்படி முடிந்த வரை பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை. அந்தச் சட்டத்தின்படி செய்ய வேண்டியதற்குத் தொழிலாளியிடம் காசு வசூலிக்கக் கூடாது என்று அதன் 26-ஆவது பிரிவு சொல்கிறது. ஆபத்து இருக்கிறது என்று புகார் சொன்னதற்காக வேலையை விட்டு நிறுத்தவோ பழி வாங்கவோ கூடாது என்று 27-ஆவது பிரிவு சொல்கிறது. 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து இன்னொரு பாதுகாப்பும் வந்திருக்கிறது. உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளிக்குத் தெரிந்தும் அவர் அதை நீக்க நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம்.

கடல் தாண்டி நம்மைப் போலவே தோட்டத்தில் பாடுபடுகிறவர்களின் கதையைப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 25-ஆம் தேதி, கேரளத்து வயநாட்டில் தேயிலைத் தோட்டத்து வேலை முடிந்து பெண்களை ஏற்றி வந்த ஜீப் பள்ளத்தில் உருண்டது. 9 பெண்கள் இறந்தார்கள். ஒரே ஜீப்பில் ஒரு குடியிருப்பின் தாய்மார்கள் இத்தனை பேர்! காரணம் எதுவானாலும், தோட்டத்து வண்டி என்பது ஒரு டிரைவரின் வண்டி மட்டும் அல்ல, ஒரு லயத்தின் உயிர் என்பதை அந்தச் செய்தி நமக்குச் சொல்கிறது.

எனவே டிரைவர் அண்ணன்மார்களே, ஆட்டம் தெரிந்தால் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். ஒரு காகிதத்தில் தேதி, வண்டி நம்பர், கோளாறு மூன்றையும் எழுதி ஆபீசில் கொடுங்கள், ஒரு நகலை வீட்டில் வையுங்கள். பதில் இல்லையென்றால் சங்கத்துக்குப் போங்கள், அதற்கு மேல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா இருக்கிறது. தாய்மார்களே, ஏறுகிற வண்டியில் சத்தம் கேட்டால் நீங்களும் கேளுங்கள். "பொம்பளைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்?" என்று யாராவது சொன்னால், "என் உயிரைப் பற்றி எனக்குத் தெரியும்" என்று சொல்லுங்கள்.

கைக்கு ஒரு காகிதம்

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வாசலில் படுத்து வண்டி பார்க்கிற பையனை, "எப்ப பார்த்தாலும் எண்ணெயும் கிரீஸும்தானா?" என்று திட்டுகிறோம். பால் ஜாயிண்டைச் சரியாக மாற்றத் தெரிந்த கை சாதாரணக் கையா? அந்தக் கைக்கு ஒரு சான்றிதழ் மட்டும்தான் குறை. பல வருட அனுபவம் உள்ளவர்கள் வகுப்பில் உட்காராமலே தங்கள் வேலையை நிரூபித்து மலேசியத் திறன் சான்றிதழ் பெற, திறன் மேம்பாட்டு இலாகாவின் முன் அனுபவ அங்கீகாரத் திட்டம் இருக்கிறது. பள்ளி முடித்த பையன்களுக்குத் தொழிற்பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை பெயரிலேயே ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டங்கள் பலவற்றை வாங்கிய தமிழரின் பெயர் அது. தோட்டத்துப் பிள்ளைகள் அந்த வாசலில் போய் என்னென்ன பயிற்சி உண்டு என்று விசாரிக்க வெட்கப்பட வேண்டியதில்லை.

தோட்டங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. பத்து காவானில் மரம் நின்ற இடத்தில் தொழிற்சாலைகள் நிற்கின்றன. வெட்டுக் கத்தியை நம்பியிருந்த வம்சம் இனி ஸ்பானரையும் நம்ப வேண்டிய காலம். அந்த ஸ்பானரைப் பிடிக்கிற கை சிக்கனமான கையாக இருக்கட்டும், கஞ்சக் கையாக வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் ஒரு முறை குனிந்து அந்த ரப்பர் உறையைப் பாருங்கள் தோழர்களே. கிழிந்திருந்தால் மற்ற செலவெல்லாம் பிறகு!